தவறு யாருடையது என்று கேட்காத மாநிலம்

செவ்வாய் மாலைகளில் நூலகத்தின் நிலவறையில் உட்காருவேன்.
துலூத்தில் ஏரி உறைந்து பதினோரு நாள்.
ஒரு மடக்கு மேசை, இரண்டு நாற்காலி,
நஷ்டஈடு கேட்டால் கிடைத்துவிடும் நிலையில்
ஒரு காபி இயந்திரம்.

நான் வழக்கறிஞர் இல்லை.
வருகிறவர் உட்காரும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.
தகவல் தரலாம், ஆலோசனை தரக் கூடாது:
எந்தப் படிவம், எந்த மாடி, எத்தனை நகல்.

பழகிய கேள்விகள்தான்.
பின்னால் வந்து இடித்தவனிடம் இன்சூரன்ஸ் இல்லையென்றால்?
வண்டியே போய்விட்டது, தவணை ஏன் இன்னும் வருகிறது?
நாய் யாருக்கு?
அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றால்?
போடாவிட்டாலும் விவாகரத்து நடக்கும், என்பேன்.
அதைக் கேட்டு அழுதவர்கள் உண்டு.
ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டாள்.
போன வாரம் ஆர்விட் லுண்ட்க்விஸ்ட்
மான் மீது மோதிய கதையைச் சொல்லிவிட்டு
மான் யார் பொறுப்பு என்றார்.
தேடிப் பார்த்தேன். யார் பொறுப்பும் இல்லை.

இன்றைக்கு வெர்னா கொஸ்கெலா.
கழுத்திலிருந்து தொங்கும் கட்டில் இடது கை.
வலது கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள்.
"ரெண்டு விஷயமா வந்தேன்" என்றாள்,
"ரெண்டும் ஒரே ஆள்."

ஓட்டியவன் டேல்.
மலைச்சரிவில் இறங்கும் தெரு, கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி,
மளிகைக் கடையில் தொடங்கிய சண்டை.
"எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம்
என் பக்கம் முழுசா முகத்தைத் திருப்பினான்.
அப்பத்தான் கம்பம் வந்தது."

யார் தவறு என்று எங்கே எழுதணும்?
படிவத்தைத் திருப்பிக் காட்டினேன். அதற்கு இடமில்லை.
இந்த மாநிலத்தில் ஆஸ்பத்திரிச் செலவை
முதலில் உங்கள் இன்சூரன்ஸே தரும்,
தவறு யாருடையதாக இருந்தாலும்.

சரி, விவாகரத்துல?
அதிலும் கேட்பதில்லை.
மீட்க முடியாத முறிவு என்று ஒரு வரி இருக்கும்.
முறிவு என்றதும் கையைப் பார்த்துக்கொண்டாள்.
"இதை மீட்டுடலாம்னு டாக்டர் சொல்றார்.
ஆறு வாரம்."

நிலவறைக் குழாய்களில் வெந்நீர் ஏறும் சத்தம்.
"அப்ப யாருமே கேட்க மாட்டாங்களா?"

ஓரிடம் உண்டு, என்றேன்.
காயம் பெரிதாக இருந்து
வலிக்கென்று தனியாகப் பணம் கோரினால்
அப்போது கேட்பார்கள்.
கோருவது டேல் மீதுதான்,
தருவது அவனுடைய இன்சூரன்ஸ்.
வலிக்கு வருவது பொதுவாக உங்களுக்கு மட்டும்.
வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம்
பங்குக்கு வரலாம்.
வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

"வலி முழுக்க எனக்கா" என்றாள்,
ஏதோ சொத்து வந்தவள் போல.

பிறகு துண்டுப்பிரசுரத்தில் ஒரு வரியைத் தொட்டாள்:
விபத்து நடந்த இடத்தில் மன்னிப்புக் கேட்காதீர்கள்.

"அவன் கேட்டான்.
கண்ணாடி உதிர்ந்துக்கிட்டே இருக்கு,
ஹார்ன் நிக்கல, முட்டை எல்லாம் மடியில.
மன்னிச்சிடு வெர்னா, மன்னிச்சிடுன்னு நாலு தடவை.
அதை எழுதினா எனக்கு உதவுமா?"

உதவலாம், என்றேன். சாட்சியமாகலாம்.

பேனாவை எடுத்தாள்.
பெயர், முகவரி, வண்டி எண், தேதி.
'நடந்ததை உங்கள் சொற்களில்' என்ற பெட்டியில்
பனி, கம்பம், கை என்று மூன்று வரி.
நாலாவது வரிக்கு இடம் இருந்தது.

"பத்தொன்பது வருஷத்துல
அவன் கேட்டது அது ஒண்ணுதான்.
அதைக் கோர்ட்டுக்குத் தர மாட்டேன்."

மூன்று நகல் எடுத்தேன். ஒன்று கோணலாக வந்தது,
பரவாயில்லை என்றாள்.
கையுறையைக் கழற்றப் பல் போதும்,
மாட்ட இன்னொரு கை வேண்டும்.
வாயை விரித்துப் பிடித்துக்கொண்டேன்,
ஐந்து விரலும் ஒவ்வொன்றாக உள்ளே போகும்வரை.

அது ஆலோசனையில் சேராது.